சத்தமில்லாத ஒரு மணி நேரம்

"மதுரையில அறிவியல் கூடம் ஒண்ணு இருக்காம். மாசத்துல முதல் ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம் மெசினுச் சத்தத்தையெல்லாம் நிறுத்தி, லைட்டைக் குறைச்சு வைக்காகளாம். நம்ம கனிஷ்கா மாதிரி பிள்ளைகளுக்குன்னே," என்றாள் காளீஸ்வரி.

லாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த அவள் கணவன் தங்கபாண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு அலறுற பிள்ளை எங்க வம்சத்துலயே கிடையாது. எல்லாம் உங்க வீட்டு ரத்தம். எங்க அக்கா மகனைப் பாரு, ஆஸ்டல்ல தங்கிப் படிக்கான். இவளை வெளிய காட்டி என் மானத்தை வாங்காத."

"ஞாயித்துக்கெழமை நீங்களும் கூட வந்தா..."

"தூத்துக்குடிக்கு லோடு இருக்கு."

ஞாயிறன்று, நரிக்குடியில் அம்மா வீட்டுக்குப் போவதாக அவனிடம் சொல்லிவிட்டு, காளீஸ்வரி பந்தல்குடியில் மகளோடு மதுரை பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் ஹாரனுக்குப் பயந்து காதைப் பொத்தியிருந்த ஆறு வயதுக் கனிஷ்கா, கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் கையை எடுத்தாள். பெரிய ஊசல் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தாள். காளீஸ்வரிக்குக் கண் நிறைந்தது.

சற்றுத் தள்ளி, மேசைக்கு அடியில் ஒரு பையன் சுருண்டு கிடந்தான்.

"யாரையாவது கூப்பிடணுமா?" என்று அங்கு வேலை பார்க்கும் பெண்ணிடம் மெல்லக் கேட்டாள்.

"வேண்டாம்க்கா. மாமா கூடவே இருக்காரு. அக்கா மகனை நாலு வருசமா மாசம் தவறாமக் கூட்டிட்டு வாராரு."

முதுகு காட்டி மண்டியிட்டிருந்த அந்த ஆள், பையனுக்குக் காதுக்கவசத்தைப் பக்குவமாக மாட்டிவிட்டான்.

"சத்தம் வராதுய்யா. மாமா இருக்கேன்ல."

"அப்பா," என்றாள் கனிஷ்கா.

சத்தமே இல்லாத அந்தக் கூடத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.