பதினோராவது பொருத்தம்

"முதல்ல அந்தப் பையைக் கீழ எடுய்யா! இந்தச் சந்திரமோகன் பத்துப் பைசாவுக்குக் கை நீட்டினவன் இல்ல."

மேலாளர் போட்ட சத்தத்தில் தர்மபுரியின் அந்த ஃபைனான்ஸ் ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. மேசை ஓரத்தில், வருகிறவர்களைப் பார்த்தபடி அவருடைய பெயர்ப் பலகை பித்தளையில் பளபளத்தது. அருண்குமார் மஞ்சள் பையை அவசரமாக எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

"லஞ்சம் இல்லீங்க சார். இது வேற."

"வேறயோ கீறயோ, விசயத்தச் சொல்லு."

"மாதவராஜ்னு என் ஃப்ரெண்டு. அவன் பைக் லோனுக்கு ஜாமீன் போட்டேனுங்க. ஏழு மாசம் கட்டாம ஓசூர் பக்கம் போயிட்டான். இப்ப எல்லாத் தவணையும் நானே கட்டிட்டேன். ஆனா சிபில் கடன் ரிப்போர்ட்டுல என் பேருல தவணை தவறியவர்னு நிக்குதுங்க. அத நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

சந்திரமோகன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "கட்டலன்னா கட்டலன்னுதான் எழுதுவோம். அப்புறம் வந்து அழின்னா, இதென்ன பள்ளிக்கூடத்துச் சிலேட்டா?"

அருண்குமார் அசரவில்லை. அதியமான்கோட்டை பைபாஸில் வீல் அலைன்மென்ட் கடை வைத்து, நாள் பூராவும் லாரிக்காரர்களிடம் பேரம் பேசிப் பழுத்த வாய் அது.

"எனக்கு ஒரு நோட்டீஸ்கூட வரலீங்களே சார். வந்திருந்தா மொத மாசமே கட்டியிருப்பேன்."

"அதெப்படி வராம இருக்கும்? பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கோம்!"

சொன்ன வேகத்தில் ஃபைலைப் புரட்டினார். நடுவில் ஓர் உறை, பிரிக்காமலே திரும்பி வந்து கிடந்தது. முகவரியைப் படித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கடத்தூர், திருப்பூர் மாவட்டம்.

"என் வூடு நம்ம மாவட்டத்துக் கடத்தூருங்க," என்றான் அருண்குமார் பவ்யமாக. "பாவம், அந்த ஊரு போஸ்ட்மேன் என்னைத் தேடி எத்தன தெரு சுத்துனாரோ!"

மேலாளரின் குரல் இரண்டு படி இறங்கியது. "சரி, லேட்டா கட்டி முடிச்சாருன்னு மாத்திடறேன். போதுமா?"

"போதாதுங்க. லேட்டுங்கற பேச்சே இருக்கக் கூடாது."

"அபராத வட்டி ஆறாயிரத்து நானூறு பாக்கி நிக்குது. அதக் கட்டு, முழுசா எடுத்துடறேன்."

"நோட்டீஸ் திருப்பூருக்குத்தானே போச்சு? வட்டியையும் அங்கயே வசூல் பண்ணிக்குங்க சார்."

பக்கத்து மேசைகளில் களுக்கென்று சிரிப்புச் சத்தம். சந்திரமோகனுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "வாயாடிப் பயலா இருக்கியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து டீக்கடை குப்புராஜ் தம்ளர்களோடு உள்ளே வந்தார்.

"அண்ணா, சாருக்குச் சக்கரை போடாதது குடுங்க," என்றான் அருண்குமார்.

"அது எனக்குத் தெரியாதாக்கும்!" என்று முறைத்துவிட்டுப் போனார் குப்புராஜ்.

மேலாளர் ஒரு வாய் உறிஞ்சினார். "இவ்ளோ அவசரம் என்னாத்துக்கு? வூடு கட்டப் போறியா?"

"கல்யாணங்க சார்." சொல்லும்போதே அவன் காது சிவந்துவிட்டது. "பொண்ணோட அப்பா கொஞ்சம் ஒரு மாதிரிங்க. பத்துப் பொருத்தம் இருந்தாலும் பத்தாதாம், பதினோராவதா சிபில் பொருத்தமும் பாப்பாராம். அதுல ஒரு கறை இருந்தாலும் வாசப்படி ஏற விடமாட்டாராம். ஆவணிக்குள்ள வேற இடத்துல முடிச்சிடுவாருன்னு அந்தப் பொண்ணு தெனமும் அழுவுதுங்க."

"அடடா, மனுசன்னா அவருல்ல மனுசன்!" மேலாளர் தட்டிய தட்டில் டீத் தம்ளர் குதித்தது. "ஊர்ல அத்தன அப்பனும் இப்படி இருந்தா எங்களுக்கு வசூல் வேலையே இருக்காதே! ஆமா, அடுத்தவன் கடனை நீ எதுக்குய்யா முழுசா கட்டின? அவன் பின்னால அலைஞ்சிருக்கலாமில்ல?"

"கடன் அவனுதுங்க. கையெழுத்து என்னுதாச்சுங்களே."

சந்திரமோகன் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பேரமே பேசவில்லை. கம்ப்யூட்டரில் மளமளவென்று தட்டினார். ஒரு கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, சீலைக் குத்தி நீட்டினார்.

"தப்பு எங்க மேலதான். வட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன் பேருல இருந்த பதிவை முழுசா நீக்கச் சொல்லி அனுப்பிட்டேன்."

ஐயோ, அருண்குமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை! கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினான்.

மேலாளருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "கொண்டுபோய் அந்தப் பெரிய மனுசன்கிட்ட காட்டு. உன்ன மாதிரிப் பையனுக்குப் பொண்ணு குடுக்கலன்னா அந்தாளுக்கு மூளையே இல்லன்னு அர்த்தம். முரண்டு புடிச்சாருன்னா சொல்லு, நானே நேர்ல வந்து பேசி முடிக்கறேன். அவரு பேரு என்ன?"

அருண்குமார் எழுந்து நின்றான். மஞ்சள் பையைப் பிரித்து வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு முழம் மல்லிகை என்று ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தான். பிறகு, தன்னைப் பார்த்தபடி இருந்த பித்தளைப் பெயர்ப் பலகையை மெல்ல அவர் பக்கம் திருப்பினான்.

"நீங்களே படிச்சுக்குங்க, மாமா."