பட்டுக் கையுறை

மின்சாரம் கடத்தும் பாலிமரையும் நானோ கார்பனையும் கலந்து ஆரணிப் பட்டுநூலில் பூசி, அந்த நூலால் ஒரு கையுறை தைத்திருந்தாள் ஃப்ளோரன்ஸ். விரல் இம்மி மடங்கினாலும் செல்போன் திரையில் கோடு எழும்பும்.

பக்கவாதத்தில் விழுந்த அம்மா சூசைமேரியின் கையில் அதை மாட்டி, தினமும் கெஞ்சினாள்.

"ஒரு வெரல மட்டும் மடக்கேம்மா."

கோடு எழும்பவே இல்லை.

"அம்மாவுக்கு நெனவே இல்ல. புனே வேலைய உட்டுட்டு நீ இங்க உக்காந்துகினு இருக்கிறதுல என்ன பிரயோஜனம்? நான் பாத்துக்கறேன், கெளம்பு" என்றான் அண்ணன் அமல்ராஜ்.

ஃப்ளோரன்ஸ் அரை மனதோடு டிக்கெட் எடுத்தாள்.

ஞாயிறு பூசைக்குப் போனபோது அம்மாவின் கையிலிருந்து கையுறையைக் கழற்ற மறந்து, போனையும் கட்டிலிலேயே விட்டுவிட்டாள். திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். கோடு பத்து முறை எழும்பி, சற்று ஓய்ந்து, மறுபடியும் பத்து முறை எழும்பியிருந்தது.

"நூலு கெட்டுப்போச்சா?" என்றான் அமல்ராஜ்.

"இல்லண்ணா. பத்துப் பத்து மணியா வெரல நவுத்தி, அம்மா ஜெபமாலை சொல்லிகினு இருந்திருக்காங்க."

அவள் கட்டிலருகே மண்டியிட்டாள்.

"நான் வேலைக்குப் போவணும்னுதான் இத்தினி நாளா அசையாம படுத்திருந்தியாம்மா?"

சூசைமேரி கண்ணைத் திறக்கவில்லை. திரையில் கோடு மட்டும் ஒருமுறை எழுந்து விழுந்தது.