பன்னிரண்டாவது வாளி

"சார், பதினொண்ணுதான் பாத்தீங்க. பன்னெண்டாவது வாளிய வுட்டுட்டீங்களே" என்றான் மாரி, பெருமை பொங்க.

தீயணைப்பு அதிகாரி சிவப்பிரகாசம் பைலை மூடிக்கொண்டிருந்தார். "அதுவும் சரியாதான்யா இருக்கும்."

"அதெப்படி சார்? நேத்து நாலு மணிக்கு என் கையால மணலு ரொப்புனது. நீங்க பாத்தே ஆவணும்." மாரி கடைசிக் கம்பத்தில் தொங்கிய சிவப்பு வாளியைக் கழற்றினான். கை லேசாக மேலே எழும்பியது. உள்ளே ஒரு பீடித் துண்டு மட்டும் கிடந்தது.

கொட்டகை முதலாளி பக்தவச்சலம் வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். சதுரங்கப்பட்டினத்தில் அவர் நடத்தும் டூரிங் டாக்கீஸின் லைசென்ஸ் இன்றோடு முடிகிறது. இந்த மனிதர் சான்றிதழ் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். நாளை வெள்ளிக்கிழமை, புதுப்படம். படப்பெட்டி செங்கல்பட்டு வரை வந்துவிட்டது. போன மாதம் வாளி மணல் ஈரமாக இருந்ததற்கே ஒரு கொட்டகையை மூட வைத்தவர் இவர்.

"நேத்து சாயங்காலமே வர்றதா எழுதியிருந்தீங்க சார். வாசல்லயே உங்க ஜீப்பை எதிர்பார்த்துக் காத்துக்கிட்டிருந்தேன். அப்ப வந்திருந்தா எல்லாம் ரொம்பியிருந்திருக்கும்" என்று இழுத்தார்.

"நேத்து வேற வேலை வந்துட்டுது" என்றார் அதிகாரி சுருக்கமாக.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மாரி டிக்கெட் கிழிப்பவன். தீ சாமான்களுக்கும் அவன்தான் பொறுப்பு. மிஷின் ரூமில் ஏன் தண்ணீர் வைக்கவில்லை என்று அதிகாரி மடக்கியபோது, "கரண்டு ஓடுற எடத்துல தண்ணி ஊத்துனா ஊத்துறவன் பூடுவான் சார். அதான் அங்க தீயணைக்கிற கேஸ் சிலிண்டர் கீது" என்று டக்கென்று சொன்னான். நுரை சிலிண்டரின் வாஷரைக்கூட அதிகாரி கழற்றிப் பார்த்தார், புத்தம் புதுசு.

இப்போது அதே மாரி வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிட்டான்.

"எவனோ தரை டிக்கெட்டு வேல சார் இது. நேத்து பெஞ்ச மழையில தரை நசநசன்னு கீது. காஞ்ச மண்ணு கெடைக்குதேன்னு வாளிய கவுத்து, மேடு கட்டி குந்திகினான்."

மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவது தரை டிக்கெட்காரர்களின் பிறப்புரிமை. முன்னால் இருப்பவன் ஒரு பிடி ஏற்றினால் பின்னால் இருப்பவன் இரண்டு பிடி ஏற்றுவான். இடைவேளைக்குள் கொட்டகை முழுக்கக் குன்றுகளாகிவிடும். ஆனால் தீ வாளியில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை.

"வெவஸ்தகெட்ட ஜென்மம் சார். கூரை பத்திகினா இவன் மண்டை மேலதான் மொதல்ல வுழும். சோத்ததான் துன்றானா, இன்னாத்த துன்றானோ."

"சரி, போதும்யா." அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்தாச்சு, இனிமே வாளி ரொம்பினாதான் கையெழுத்து. பத்து நிமிஷத்துல நான் மாமல்லபுரம் கிளம்பணும்."

"தோ, கீழேருந்து அள்ளிப் போட்டுடறேன் சார்" என்று குனிந்தார் பக்தவச்சலம்.

மாரி அவர் கையைப் பிடித்தான். "வேணாம் மொதலாளி. இது கடல் மண்ணு. ஈரம் கோத்து கட்டி தட்டிப் பூடும். வாளிக்கு வயலூர் ஆத்து மணலு, சலிச்சு காய வெச்சது. வண்டி கட்டிகினு போயி வர மத்தியானம் ஆவும்."

முதலாளி பல்லைக் கடித்தார். உண்மை பேச இவனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

அதிகாரி மட்டும் மாரியை மரியாதையாகப் பார்த்தார். "அந்த மணல் இங்கதானே இருக்கும்? தேடு."

மழையால் நேற்று இரண்டாவது ஆட்டம் கிடையாது. முதல் ஆட்டம் பார்த்தவர்கள் விட்டுப்போன நூறு மேடுகளும் கலையாமல் அப்படியே இருந்தன. கூரையடி இருட்டில் எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தன. மாரி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தார். ஈரம். இதுவும் ஈரம். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. பக்தவச்சலத்துக்கு அழுகை வராத குறை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு விறுவிறுவென்று நடந்து, நடுக்கம்பத்துக்குப் பின்னால் இருந்த ஒரு மேட்டைப் பூட்ஸ் காலால் தட்டிக் காட்டினார்.

"இதை அள்ளு."

மாரி கை வைத்தான். பொலபொலவென்று உதிர்ந்தது. ஆற்று மணலேதான். வாளி விளிம்பு வரை நிறைந்தது.

அதிகாரி கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை நீட்டினார். "வாளிக்கெல்லாம் மூடி போடுங்க. இந்த ஆளை விட்டுடாதீங்க."

பக்தவச்சலம் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தோஷத்தில் வார்த்தை தடுமாறியது. "இத்தனை மேட்டுல எப்படி சார் கரெக்டா கண்டுபிடிச்சீங்க?"

சிவப்பிரகாசம் தொப்பியை மாட்டிக்கொண்டார். மாரி பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"நேத்து முன்னால இருந்தவன் மேடு கட்டி மறைச்சுட்டான்யா. அதான் கொஞ்சம் உயரமா உக்கார வேண்டியதாப் போச்சு."