மூன்றாம் வகுப்பில் ஒரு முன்தேர்வு

"ஒரு வகுப்பு முழுக்க முட்டை வாங்கியிருக்கு சார். இந்த டீச்சர் வருஷம் பூரா என்னதான் பண்ணினாங்க?"

பேராசிரியை விடைத்தாள் கட்டைக் கல்லூரி முதல்வரின் மேஜைமேல் பொத்தென்று வைத்தார்.

"ஒருத்தர்கூடவா தேறல?"

"நீங்களே பாருங்க. ஐம்பதுல இருபது போனா எழுபதாம்!"

"சரி, உங்க ஆராய்ச்சிக்கு அப்புறம்?"

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. "என் புது முறையில ரெண்டே வாரம்தான் சொல்லிக் கொடுத்தேன். பின்தேர்வுல அத்தனை பேரும் முழு மார்க்!"

முதல்வருக்கு மனம் குளிர்ந்தது.

இரண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை ஒன்றாக இணைத்த பிறகு அவர் போட்ட முதல் உத்தரவு, ஆளுக்கு ஓர் ஆராய்ச்சி. வழிமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாடம் நடத்துமுன் ஒரு தேர்வு. நடத்திய பின் ஒரு தேர்வு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆராய்ச்சி.

பேராசிரியர்கள் இரட்டிப்பானார்கள். பரிசோதித்துப் பார்க்க மாதிரிப் பள்ளி மட்டும் ஒன்றுதான் மிஞ்சியது. அதிலும் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுதவே வராது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் முடிக்கவே நேரமில்லை. ஆகவே அத்தனை ஆராய்ச்சியும் மூன்றாம் வகுப்பின் தலையில் விடிந்தது.

கணக்கு, எழுத்து, கை கழுவுவது, எதை எடுத்தாலும் முடிவு ஒன்றுதான். முன்தேர்வில் முட்டை, பின்தேர்வில் முழு மதிப்பெண். நாற்காலிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு கல்லூரிக்காரர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்டது வகுப்பு டீச்சர்தான்.

முதல்வர் ஆளனுப்பியதும் சாக்பீஸ் தூள் படிந்த கையோடு வந்து நின்றார்.

"என்கிட்ட நல்லாத்தான் போடறாங்க சார். இவங்க வந்தா மட்டும் ஏன் இப்படி எழுதறாங்கன்னு எனக்கே புரியல."

"நல்லாயிருக்கே! உங்ககிட்ட மட்டும் தெரியும், ஊருக்கெல்லாம் தெரியாதா?" என்றார் பேராசிரியை.

முதல்வர் தொண்டையைச் செருமினார். "புத்தகக் கிடங்கைப் பார்த்துக்க ஆள் வேணும் டீச்சர். திங்கட்கிழமையிலேருந்து அங்க போயிடுங்க."

"கிடங்குல பிள்ளைங்க இருக்க மாட்டாங்களே சார்."

முதல்வர் எழுந்தார். போட்ட உத்தரவு அவரையும் விடவில்லை. தம் சொந்த ஆராய்ச்சிக்கான வினாத்தாள் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கு நடந்தார். பேராசிரியையும் டீச்சரும் பின்னால் போனார்கள்.

வகுப்பு எழுந்து நின்றது. முன் வரிசையிலிருந்து வகுப்புத் தலைவி கை தூக்கினாள்.

"சார், இது முன்தேர்வா, பின்தேர்வா?"

"அடேயப்பா, அதெல்லாம் தெரியுமா உனக்கு! எதுவா இருந்தா என்னம்மா?"

"அது எப்படி சார்? முன்தேர்வுன்னா தப்பா எழுதணும். பின்தேர்வுன்னா சரியா எழுதணும்."

முதல்வருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா சார், டீச்சர் சொல்லிக் கொடுத்த லட்சணத்தை!" என்றார் பேராசிரியை.

"ஐயோ, டீச்சருக்குத் தெரியாது மிஸ்! தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாங்க. நாங்களேதான் பேசி வச்சுக்கிட்டோம்."

"எதுக்கு?" என்றார் முதல்வர்.

சிறுமி தயங்கினாள். "முதல் தடவை ஒரு மிஸ் வந்தப்போ எல்லாத்தையும் சரியாப் போட்டுட்டோம் சார். அவங்க பேப்பரைப் பார்த்துட்டு, 'உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஒண்ணுமே இல்லையே, என் ஆராய்ச்சி போச்சே'ன்னு அழுதுட்டாங்க. எங்களுக்குப் பாவமாப் போச்சு."

"எந்த மிஸ்?"

அவள் தலை குனிந்துகொண்டாள். ஆனால் வகுப்பு மொத்தமும் பேராசிரியையைத் திரும்பிப் பார்த்தது.

"அந்தப் பேப்பரையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டாங்க சார்," என்றான் கடைசி பெஞ்சுக்காரன். "மறுவாரம் வேற பேப்பரோட வந்தாங்க. அப்போ தப்பாப் போட்டோம். என்னா சந்தோஷம் அவங்களுக்கு!"

"தப்பா எழுதறதுதான் சார் ரொம்பக் கஷ்டம்," என்றான் பக்கத்தில் இருந்தவன். "ஐம்பதுல இருபது போனா முப்பதுன்னு கை தானா எழுதிடுது."

பேராசிரியைக்கு அந்த நேரம் பார்த்துச் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. டீச்சர், சுத்தமாக இருந்த கரும்பலகையையே துடைத்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"டீச்சர், நீங்க கிடங்குக்கெல்லாம் போக வேண்டாம். இந்த வகுப்பு உங்களோடதுதான். என்னை மன்னிச்சுடுங்க."

பிள்ளைகள் காரணம் புரியாமலே கை தட்டினார்கள்.

"சார், நீங்க இன்னும் சொல்லவே இல்லையே," என்றாள் வகுப்புத் தலைவி, பென்சிலை எடுத்துக்கொண்டு. "இது எந்தத் தேர்வு?"

முதல்வர் அக்குளில் இருந்த கட்டைப் பார்த்தார். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் காதோரமாகச் சொன்னார்:

"முன்தேர்வுதான் கண்ணு."