லண்டன் கணக்குப் போட்ட அலமாரி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலை நான் குடிக்கும் தே தாரிக் டீயில் ஈ விழட்டும்.

நாடு சுதந்திரம் வாங்கிய மெர்டேக்காவுக்கு மறுவருஷம். எங்கள் ஊர் காஜா பெராங்கில் பொன்னுதுரை மாஸ்டரின் டைப்பிங் வகுப்புக்குள் ஒரு வெள்ளைக்காரர் அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர். அவர்களுடைய கணக்குகள் எங்களுக்குத் தந்தியில் வரும். லண்டன் தூங்கும்போது நாங்கள் போடுவோம். அது கண் விழிக்கும்போது விடை போய் நிற்கும்.

மிஷின் வைத்துப் போடுகிறோம் என்று மாஸ்டர் அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் இவர் கப்பலேறி வந்துவிட்டார்.

மிஷின் என்று எங்களிடம் இருந்தது மனக்கணக்கில் புலியான சந்திரமதிதான். குட்டு உடைந்தால் வேலை சிங்கப்பூருக்குப் போய்விடும். அவள் மறுபடியும் தோட்டத்துக்கு ரப்பர் மரம் சீவப் போக வேண்டும்.

அதனால் அவர் வருமுன்பே அவளை அந்த அலமாரிக்குள் உட்காரவைத்துப் பூட்டியிருந்தோம். பின்னால் ஒளிந்து சைக்கிள் மணி அடித்தது நான். மிஷின் என்றால் சத்தம் வேண்டுமல்லவா.

வெள்ளைக்காரர் நீளமான பெருக்கல் ஒன்றை எழுதிக் கதவிடுக்கில் போட்டார்.

உள்ளே வாய்ப்பாடு முணுமுணுத்தது. பிறகு,

"மாஸ்டர், உள்ளுக்கு ரொம்ப பானாஸ் லா. வேர்த்து ஊத்துது. அந்த ஆள எப்பத்தான் அனுப்புவீங்க?"

வெள்ளைக்காரர் நிமிர்ந்தார். "மிஷின் என்ன சொல்கிறது?"

"சூடாகிவிட்டதாம்," என்றார் மாஸ்டர். அவர் பொய் பேசாத மனிதர்.

விடைச் சீட்டு வெளியே வந்தது. விடை சரி. ஆனால் வெள்ளைக்காரரின் விரல் சீட்டின் உச்சியிலேயே நின்றது.

பழக்க தோஷத்தில் சந்திரமதி அங்கே பிள்ளையார் சுழி போட்டிருந்தாள்.

என் மணி நின்றுவிட்டது.

"இதைப் போடாமல் எங்கள் மிஷின் எதையும் தொடங்காது," என்றார் மாஸ்டர். "அதனால்தான் தப்பு வருவதில்லை."

வெள்ளைக்காரர் அந்தச் சுழியைத் தன் சட்டைக் கையில் வரைந்துகொண்டு போனார்.

அடுத்த மாதம் வேலை இரட்டிப்பாக வந்தது. சந்திரமதிக்குத் துணையாக பக்கத்து உஜோங் பாசிரிலிருந்து இன்னும் சில பெண்களைச் சேர்த்தோம். லண்டனிலிருந்து வந்த ஒவ்வொரு கணக்கின் தலையிலும் பிள்ளையார் சுழி இருந்தது. தந்தியில் அதை எப்படி அடித்தார்கள் என்று தபால் ஆபீஸில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

சந்தேகமிருந்தால் வீட்டுக்கு வாருங்கள். அந்த அலமாரி என்னிடம்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு இருமல் மருந்து பாட்டில் நிற்கக்கூட இடமில்லை; படுக்கவைத்தால்தான் கதவு மூடும்.