கேட்காமலே வந்து நிற்பவர்

அழகுபாண்டி மேசையில் அடித்த அடியில் வக்கீல் இன்பசேகரனின் டீ கிளாஸ் ஒரு குதி குதித்து நின்றது.

“அந்தக் கை என் கை சார். அந்த வரி நான் குளிக்கையில எனக்குத் தோணுன வரி.”

ரோகிணி அவர் கையைப் பார்த்தாள். நான்கு விரல்களில் மோதிரம். சுண்டுவிரல் பென்சில் மாதிரி நேராக இருந்தது.

ஆரப்பாளையத்திலிருந்து விளாங்குடி வரைக்கும் போர்டு போர்டாக நீட்டிக்கொண்டு நிற்கிற அந்தக் கைக்குச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். வரைந்தவள் அவள். இதைக்கூடக் கவனிக்காத மனுஷன் கைக்குச் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்துவிட்டார்.

“இவருக்குக் குளிக்கிற பழக்கமே கிடையாது சார்” என்றார் எதிரே இருந்த சூர்யபிரகாஷ்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை இருவரும் ஒரே கட்சி, ஒரே கார், வாய்க்கு வாய் மாப்ள. கட்சி இரண்டாக உடைந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இப்போது மாநகராட்சித் தேர்தலில் ஒரே வார்டில் எதிரெதிராக நிற்கிறார்கள்.

இரண்டு பேர் போர்டிலும் அதே கை. கீழே அதே வரி: ‘கேட்காமலே வந்து நிற்பவர்’.

கெஞ்சிக் கேட்டாலும் இருவரும் வந்து நிற்கமாட்டார்கள் என்பது வார்டுக்கே தெரியும்.

உரிமை தனக்குத்தான் என்று ஒருவருக்கொருவர் நோட்டீஸ் அனுப்பி, கடைசியில் பொதுவான ஆளாக இன்பசேகரனிடம் பேச வந்திருந்தார்கள். இந்தப் பேச்சில் தோற்றவர் தன் போர்டுகளை எல்லாம் கழற்ற வேண்டும். ஓட்டுப்போட பதினோரு நாள்தான் இருந்தது.

வரிக்கு உரிமை கொண்டாடுவது கஷ்டம், படத்துக்கு உண்டு, அதுவும் எழுதிக்கொடுக்காதவரை வரைந்தவருக்குத்தான் என்று வக்கீல் பொறுமையாக விளக்கினார்.

அப்போதுதான் இருவரும் ரோகிணியைத் திரும்பிப் பார்த்தார்கள். உடனே இருவர் பையிலிருந்தும் ஆளுக்கொரு பத்திரம் வெளியே வந்தது. இன்னார் சொல்லித்தான் வரைந்தேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவைக்கூட மூடி கழற்றித் தயாராக வைத்திருந்தார்கள்.

“யாருக்கும் எழுதித் தர மாட்டேண்ணே. ரெண்டு பேருமே கழட்டிருங்க. அந்த வரியும் கையும் எனக்கு வேணும்.”

“நீ வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற? கவுன்சிலருக்கு நிக்கப் போறியா?”

கேட்டது சூர்யபிரகாஷ். சிரித்தது இருவரும். கட்சி உடைந்த பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

தினமும் காலையில் ரோகிணி தன் ஃப்ளெக்ஸ் கடை ஷட்டரைத் தூக்கினால் எதிரே அந்தக் கை. அதற்குப் பக்கத்தில் ஒரு நாள் இவர் பல், ஒரு நாள் அவர் பல். அந்தப் பற்களுக்கு நடுவிலிருந்து தன் வரியைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் அவள் வந்திருந்தாள்.

தப்பு நடந்தது அவள் கடையில்தான். ஃப்ளெக்ஸ் கடையில் எதையும் முதலிலிருந்து செய்ய மாட்டார்கள். பழைய ஃபைலைத் திறப்பார்கள், ஆளை மாற்றுவார்கள், பெயரை மாற்றுவார்கள், பிரிண்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் மூன்று மாதம் கடைக்கு வராமல் இருந்த சமயத்தில் வேலைக்கு இருந்த பெண் அப்படித்தான் அழகுபாண்டியின் பிறந்தநாளுக்கு ஒன்று அடித்துக்கொடுத்தாள். அதைப் பார்த்த சூர்யபிரகாஷ் தன் மகள் காதணி விழாவுக்கு அதையே போடச் சொன்னார். காதணி விழாவுக்கு அந்த வரி எதற்கு என்று அவரும் யோசிக்கவில்லை, சாப்பிட வந்தவர்களும் யோசிக்கவில்லை.

“முதல்ல அடிச்ச ஃபைல் இருக்கா?” என்றார் வக்கீல்.

அவள் பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேசையில் விரித்தாள். இருவரும் முட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

தேதி, பிறந்தநாளுக்கும் காதணிக்கும் முந்தியது. தலைப்பு, கண்ணீர் அஞ்சலி.

இடப்பக்கம் அழகுபாண்டி. வலப்பக்கம் சூர்யபிரகாஷ். இருவரும் இடுப்பு வரைக்கும், கைகூப்பியபடி. சாவுக்கு என்று தனியாகப் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை போலும், இரண்டு முகத்திலும் நல்ல சிரிப்பு.

நடுவில் அந்தக் கை. அதன் கீழே அந்த வரி. அன்றைக்கு அது ‘நிற்பவன்’ என்று முடிந்திருந்தது.

கீழே மூலையில், டீ சாஸர் அளவு வட்டத்துக்குள் ராம்கி. பரவையில் இவர்கள் இருவரையும் வரவேற்க இரும்பு ஆர்ச் ஏற்றும்போது கரண்ட் கம்பியில் பட்டுச் செத்துப்போன ராம்கி. யார் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும் கூப்பிடும் முன்னே போய் நின்றவன். ரோகிணியின் புருஷன்.

பாடி வீட்டுக்கு வருவதற்குள் அவன் கையை நினைவிலிருந்து வரைந்து, அந்த வரியை எழுதி, இதை மட்டும் போடுங்கள் என்று கொடுத்திருந்தாள். போர்டு எங்கள் பொறுப்பு என்று வாங்கிக்கொண்டு போன கட்சிக்காரர்கள் அவள் கடையிலேயே இப்படித்தான் அடித்து வைத்தார்கள்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். வட்டத்தைப் பார்த்தார். பிறகு அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தார்.

அழகுபாண்டி மோதிரம் போட்ட விரல் ஒன்றைத் தாளில் தன் முகத்தின்மேல் வைத்தார்.

“நல்லாப் பாருங்க சார். இதுலயும் என் படந்தான் மொதல்ல இருக்கு.”

சூர்யபிரகாஷ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, யார் படம் பெரிது என்று அளந்து பார்க்க வக்கீலிடம் ஒரு ஸ்கேல் கேட்டார்.