சீர் வண்டிக்கு ஒரு பெட்டி

"உள்ள என்ன இருக்குதுன்னு ரோட்டுல போற ஒருத்தனுக்கும் தெரியக் கூடாதுங்க. ஆனா வெயிட்டும் இருக்கக் கூடாது" என்றார் அரங்கசாமி.

துடியலூரில் டிரெய்லர் பட்டறை வைத்திருக்கும் சந்தியாகுவுக்கு இந்த நிபந்தனை புதிதல்ல. பைக் ரேஸ் ஓட்டுகிற கோயமுத்தூர்ப் பையன்கள், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மூடிய டிரெய்லர் கேட்டு அடிக்கடி வருவார்கள். ஆனால் இவர் பீளமேட்டில் பவுண்டரி நடத்துகிற, வேட்டி கட்டிய பெரிய மனிதர். ரேஸுக்கும் இவருக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

"மோட்டார் சைக்கிள் ஏத்தறதுக்குத்தானுங்களே?"

"ஆமாங்க. ஒரே ஒரு வண்டி."

"ரேஸ் வண்டிங்களா?"

"சீர் வண்டிங்க. சின்னப் பையனுக்குக் கல்யாணம். வால்பாறையில பொண்ணு எடுத்திருக்கறேன்."

மேசையில் உட்கார்ந்திருந்த இருதயம்மாள் நிமிர்ந்தாள். சந்தியாகுவின் மனைவி. பட்டறையில் பில் போடுவது அவள் வேலை. வருகிற ஆட்களை எடை போடுவது அவளாக எடுத்துக்கொண்ட வேலை.

"பொண்ணோட அப்பா என்ன பண்றாருங்க?"

"எஸ்டேட்ல கிளார்க்குங்க, அம்மணி."

கிளார்க்கிடம் போய் மோட்டார் சைக்கிள் கேட்பதா! இருதயம்மாளுக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் அவள் மகள் லின்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஸ்கூட்டர் கேட்டார்கள். இல்லையென்றதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

"ஒரு நாள் வேலைதானுங்களே, டெம்போ பிடிச்சாப் போதாதுங்களா?" என்றார் சந்தியாகு. வந்த வியாபாரத்தை இப்படிக் கெடுத்துக்கொள்வது அவருடைய சுபாவம்.

"டெம்போவுக்கு டிரைவர் இருப்பானுங்களே. அவனுக்கு வாயும் இருக்குமே."

சந்தியாகு சிரித்தபடி அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே மூன்று டிரெய்லர்கள் நின்றன.

"இது முழுக்க இரும்புத் தகரம். மேல ஆனையே ஏறி நின்னாலும் நசுங்காது."

அரங்கசாமி, ஜீப்பில் மாட்டுகிற முன்கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இதுக்கு ஆனைதான் இழுக்கோணும். அக்கட்டால இருக்கறது?"

"பைப்பு அடிச்சு மேல தார்ப்பாய் போட்டது. லேசுதான். ஆனா காத்தடிச்சா தார்ப்பாய் தூக்கும், உள்ள இருக்கறது தெரியும்."

"வேண்டவே வேண்டாம்."

மூன்றாவது அலுமினியத் தகடு அடித்தது. முன்கம்பி ஒரே கையில் மேலே வந்தது. அரங்கசாமியின் முகம் மலர்ந்துபோயிற்று.

"அட, பூவாட்ட இருக்குதுங்க!"

பின்னாலேயே வந்து நின்ற இருதயம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, புது வண்டிதானுங்களே? மாப்பிள்ளை ஓட்டிட்டு வந்தா தேஞ்சா போயிரும்? அதுக்கு எதுக்குங்க பெட்டி?"

"மண்ணு பட்டாக்கூடப் பரவால்லீங்க, அம்மணி. மனுசங்க கண்ணு படக் கூடாது."

"அப்படிங்களா? அப்ப பொண்ணையும் இதுக்குள்ளயே வெச்சுப் பூட்டிக் கூட்டிட்டு வந்துருங்க."

சந்தியாகு நாக்கைக் கடித்துக்கொண்டு அவளைக் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போனார்.

"வியாபாரம் நடக்கற எடத்துல என்ன பேச்சு இது?"

"அந்தாளுக்கு அலுமினியத்தைக் குடுக்காதீங்க. ஒரு அப்பன் வயித்தெரிச்சலை ஏத்திட்டு வர்றதுக்கு நாம பெட்டி செஞ்சு தரோணுமா? இரும்பையே கட்டி அனுப்புங்க. மலையேற முடியாம தவிக்கட்டும்!"

ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. அரங்கசாமியின் காதில் அத்தனையும் விழுந்தது. முகம் வாடிப்போனாலும் அவர் கோபப்படவில்லை. அலுமினியப் பெட்டியைத் தடவிக்கொண்டே சந்தியாகுவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, வால்பாறைக்கு நாப்பது கொண்டை ஊசி வளைவு. என்ற ஜீப்பு கிழடு. ஏத்தத்துல இதை இழுத்துப்போடுங்களா?"

தொழில் பேச்சுக்குத் திரும்பியதில் சந்தியாகுவுக்கு உயிர் வந்தது.

"ஏறும்போது என்னங்க பயம்? காலிப் பெட்டிதானே. அங்க போயி வண்டியை ஏத்திட்டு எறங்கறப்பதான் பார்த்து வரோணும். வெயிட்டு பின்னால இருந்து ஜீப்பைத் தள்ளும்."

"இல்லீங்க. ஏறும்போதுதான் வண்டி உள்ள இருக்கும். எறங்கும்போது பெட்டி காலி."

புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதெப்படிங்க?" என்றாள் இருதயம்மாள். "சீர் வண்டி பொண்ணு ஊட்டுல இருந்துதானுங்களே வரோணும்?"

"அங்கிருந்துதான் வரும், அம்மணி. முன்னால மாலை போட்டு, பையனே ஓட்டிட்டு வருவான். ஊரே பார்க்கட்டும்." அரங்கசாமி குரலைத் தாழ்த்தினார். "சீரே வேண்டாமுன்னு சொல்லித்தான் நான் பொண்ணு எடுத்தேன். ஆனா எங்க ஊட்டுக்கு வந்த மூத்த மருமகளுங்க ரெண்டு பேரும் வண்டியோட வந்தவங்க. நாளைக்கு சமையக்கட்டுல நின்னுட்டு, 'நீ என்னத்தக் கொண்டாந்தே'ன்னு இந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுப்போட்டாங்கன்னா?"

இருதயம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். "அதுக்காக நீங்களே…?"

"நானே வாங்கி, சம்பந்தி ஊட்டு வாசல்ல எறக்கிப்போட்டு வந்தர்றேன். அவரு குடுத்த சீரா அது மலையெறங்கி வரட்டும். மேல போறதை மட்டும் ஒருத்தரும் பார்த்துப்போடக் கூடாதுங்க."